அலமாரியில் பூட்டிய கடப்பிதழ்கள்

பாலிக் புலாவிலும் பினாங்குத் தீவின் மற்றப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு,



நம் வேதபாட வகுப்புகளில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடிமைகளை வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்று பைபிளிலேயே இருக்கிறதே, அது எப்படிச் சரியாகும்?" நாமும் பழகிப்போன ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்து அடிமைமுறை வேறு மாதிரி, அது கடனை அடைக்க வேலை செய்வது போன்றது, எஜமான்கள் அவர்களைக் குடும்பத்தில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள் என்கிறோம். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் அந்த அதிகாரங்களைத் தேடிப் படிக்கிறார்கள். நாம் பாதியைத்தான் சொன்னோம் என்று அப்போது தெரிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பதில் நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். படித்துவிட்டு என்மேல் வருத்தம் வந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை படியுங்கள்.

முதலில் வேதத்தில் உள்ளதை உள்ளபடி பார்ப்போம். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின்படி, வாங்கப்பட்ட எபிரேய அடிமை ஆறு வருடம் உழைத்தபின் ஏழாம் வருடம் விடுதலையாகிப் போகலாம். ஆனால் எஜமான் அவனுக்குப் பெண் கொடுத்திருந்தால் அவளும் பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். அவன் மட்டும்தான் வெளியேற முடியும். மனைவி மக்களை விட்டுப் போக மனமில்லை என்றால், கதவு நிலையில் அவன் காதை வைத்துக் கம்பியால் குத்துவார்கள். அதன்பின் ஆயுசுக்கும் அடிமை. அடிமையின் கண்ணையோ பல்லையோ எஜமான் போக்கிவிட்டால், அதற்கு ஈடாக விடுதலை தரவேண்டும் என்கிறது அதே அதிகாரம். அடிபட்டவன் ஒருநாள் இரண்டுநாள் உயிரோடு கிடந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அவன் எஜமானின் பணம்தானே என்றும் அதே அதிகாரம்தான் சொல்கிறது. இவற்றில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

உபாகமத்துக்கு வந்தால் வேறொரு குரல் கேட்கிறது. ஏழாம் வருடம் அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே. உன் ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடுத்து அனுப்பு என்கிறது 15ஆம் அதிகாரம். ஓய்வுநாள் உனக்கு மட்டுமில்லை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறவேண்டும் என்கிறது 5ஆம் அதிகாரம். எகிப்தில் நீயும் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்கிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் உன் ஊரில் இருக்கும் அந்நியனாக இருந்தாலும் சரி என்கிறது 24ஆம் அதிகாரம். 23ஆம் அதிகாரம் இன்னும் துணிச்சலானது. எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையை அவன் எஜமானிடம் திருப்பி ஒப்படைக்காதே. அவனுக்குப் பிடித்த ஊரில், உன்னோடு இருக்கட்டும் என்கிறது. இதே மேற்காசியாவில் ஹமுராபியின் சட்டம், ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தவனுக்கு மரண தண்டனை விதித்திருந்தது. அந்த உலகத்தில் இப்படி ஒரு கட்டளை எவ்வளவு பெரிய மீறல் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, வேதத்துக்குள்ளேயே ஒரு போராட்டம் நடக்கிறது. ஒரு பக்கம் அடிமைமுறையை ஏற்று அதற்கு வேலி கட்டும் சட்டங்கள். இன்னொரு பக்கம் அந்த முறையின் அடிவேரையே ஆட்டும் குரல்கள். வேலைக்காரியின் வழக்கை நான் தள்ளிவிட்டால் தேவனுக்கு என்ன பதில் சொல்வேன், என்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கியவர்தானே அவளையும் உருவாக்கினார் என்று யோபு கேட்கிறார். ஓடிப்போன ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், இனி அவனை அடிமையாக எண்ணாமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பிலேமோனுக்கு எழுதுகிறார். அதே பவுலின் பெயரில் உள்ள எபேசியர் நிருபம், எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குச் சொல்கிறது.

இந்த இரண்டு குரல்களில் எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி சபையின் வரலாறு முழுக்கத் தொடர்ந்தது. 1452இல் ஐந்தாம் நிக்கோலாஸ் பாப்பரசர், கிறிஸ்தவரல்லாதவர்களை நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துகல் மன்னனுக்கு அனுமதி தந்தார். 1839இல் பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்தார். இடையில் ஏறத்தாழ நானூறு வருடம். அதற்குள் 1 கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டார்கள். அமெரிக்காவில் அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் பிரிந்து 1845இல் உருவான தெற்கத்திய பாப்டிஸ்டு சபை, அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல்தான்.

1807இல் லண்டனில் அச்சான ஒரு பைபிளைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கென்று தொகுக்கப்பட்டது அது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதை இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற எபேசியர் பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. முழுப் புத்தகத்தையும் அடிமைகள் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தோட்ட முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அடிமைத்தனம் பாவம் என்று இன்று உலகம் சொல்வது வேதத்துக்கு எதிரான புதுக்கொள்கை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். அந்தப் பைபிளைத் தொகுத்தவர்கள் கத்தரித்து எறிந்த பக்கங்களில் இருந்தது அந்தக் கொள்கைதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1786இல் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்டின் காலத்திலேயே இங்கே அடிமைகள் இருந்தார்கள். 1794இல் அவர் இறந்தபோது அவருடைய உயிலில் மாடு, மேசை நாற்காலிகளோடு அடிமைகளும் இடம்பெற்றிருந்தார்கள். ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை விட்டுவிட்டது. பத்து வருடம் கழித்து, 1843இல் வந்த ஐந்தாம் சட்டம் கம்பெனி ஆட்சியில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கரையில், செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அடிமையை வாங்க முடியாத முதலாளிக்கு ஆள் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு நாகப்பட்டினத்துக் கப்பல் ஒரு வழியாகத் தெரிந்தது. முன்பணம், கப்பல் கூலி எல்லாம் கணக்கில் ஏறும். அந்தக் கடன் தீரும்வரை துரையின் ஆள். சஞ்சிக்கூலி என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கைநாட்டு வைத்துத்தான் வந்தார்கள். விருப்பத்தோடு வந்ததாகவே காகிதம் சொன்னது. ஆனால் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்துவந்து சிறையில் போடலாம். இந்தியர்களுக்கான அந்த ஒப்பந்த முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது 1910இல். அதன்பின்னும் கங்காணி முறையில் ஆள் எடுப்பது தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு தடுத்தபிறகே நின்றது. நம்மில் பலருடைய பூட்டன், கொள்ளுப்பாட்டி வந்த வழி இதுதான். மலைக்கு இந்தப் பக்கம், நம் பாலிக் புலாவின் சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் கூலிகளின் கையால்தான் வளர்ந்தன. நம் ஊர்க் கோவிலுக்குப் பிரெஞ்சுக் குருமார்கள் 1854இல் அடித்தளமிட்ட காலமும் அதுவே.

எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று உபாகமம் சொல்லும்போது, வேறு எவருக்கோ சொன்னதாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நம் எகிப்து அக்கரையில் இருக்கிறது. படகில் ஏறினால் எட்டிவிடும் தூரம்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. உன் சகோதரன் ஏழையாகி உன்னிடம் விலைப்பட்டால் அவனை அடிமைபோல் நடத்தாதே, கூலிக்காரனைப்போல் நடத்து. யூபிலி வருடத்தில் அவன் போகட்டும். ஆனால் சுற்றியிருக்கும் மற்ற ஜனங்களிடமிருந்து அடிமைகளை வாங்கலாம், உன் பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் விட்டுப்போகலாம். நம்மவனுக்கு ஒரு சட்டம், வெளியாளுக்கு வேறு சட்டம். வேதத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது. அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்று சொன்ன 19ஆம் அதிகாரம் அதே புத்தகத்தில் இருப்பதால் இன்னும் அதிகமாக வலிக்கிறது. இந்தக் காலத்தில் இதை யாரும் ஏற்கமாட்டோம் என்று நாம் எல்லோரும் சொல்வோம்.

ஏற்கிறோம். நம் வீடுகளில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது.

நம் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய அடையாள அட்டையை முதலாளி வாங்கிப் பூட்டிவைத்தால் சும்மா இருப்போமா? வாரத்தில் ஒருநாள்கூட லீவு இல்லை, கைப்பேசி இரவில் அரைமணி நேரம்தான், சம்பளத்தை இரண்டு வருடம் முடிந்தபின் மொத்தமாகத் தருகிறேன் என்றால் விடுவோமா? தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம், தெரிந்த மக்கள் பிரதிநிதியிடம் சொல்வோம். ஆனால் வீட்டு வேலைக்கு ஃபுளோரஸிலிருந்தோ தீமோரிலிருந்தோ வந்த பெண்ணுக்கு இது எல்லாமே வழக்கம்தான் என்கிறோம். அவள் மெய்டுதானே என்கிறோம்.

நம் வீடுகளில் இரும்பு அலமாரியின் உள்ளறையைத் திறந்தால் என்னென்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நகைப்பெட்டி, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறையில், அட்டையில் கருடன் பொறித்த இந்தோனேசியக் கடப்பிதழ். நம் உடைமைகளோடு ஒரு மனுஷியின் நடமாட்டத்தையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறோம். அதற்கு நாம் சொல்லும் பெயர் பாதுகாப்பு. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டப்படியான அதிகாரமின்றி இன்னொருவர் கடப்பிதழை வைத்திருந்தால் 10,000 வெள்ளிவரை அபராதமும் ஐந்து வருடம்வரை சிறையும் கிடைக்கலாம். 2011இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் திருத்திக்கொண்ட உடன்பாடு, வீட்டுப் பணிப்பெண்களின் கடப்பிதழ் அவர்களிடமே இருக்கவேண்டும், வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று சொன்னது. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் வார ஓய்வு விதி வீட்டுப் பணியாளர்களுக்கு இன்னும் எட்டவில்லை. மோசேயின் சட்டம் வேலைக்காரிக்கு ஓய்வுநாள் கொடுத்தது. நம் நாட்டுச் சட்டம் அதை இன்னும் நம் மனசாட்சிக்கு விட்டுவைத்திருக்கிறது.

ஓடிப்போன பெண்ணைப் பற்றி நாம் பேசும் விதத்தையும் சொல்லவேண்டும். "எங்க மெய்டு ஓடிட்டா" என்று வாட்ஸ்ஆப்பில் அவள் படத்தைப் போடுகிறோம். போலீஸில் புகார், குடிநுழைவு இலாகாவில் புகார். அதோடு அவள் பெர்மிட் ரத்தாகலாம். கையில் கடப்பிதழ் இல்லாத அவள் சட்டவிரோதக் குடியேறியாகத் தடுப்பு முகாமுக்குப் போகலாம். அவள் ஏன் ஓடினாள் என்று எத்தனை பேர் கேட்டோம்? தப்பிவந்தவனைத் திருப்பி ஒப்படைக்காதே என்ற உபாகமக் கட்டளையை நாம் படித்திருக்கிறோம். நம் கைகள் மட்டும் ஹமுராபியின் சட்டத்தைச் செய்கின்றன.

இதெல்லாம் மிகைப்படுத்தல், அடிமைமுறை எங்கே, நாம் எங்கே என்று சிலர் கேட்பீர்கள். நம்மில் பலர் நல்லவிதமாக நடத்துகிறோம் என்பது உண்மை. ஆனால் புக்கிட் மெர்தாஜத்தில் 2018 பிப்ரவரியில் நடந்ததை மறக்கமுடியுமா? கிழக்கு நுசா தெங்காராவிலிருந்து வந்த ஓர் இளம்பெண், உடம்பெல்லாம் காயத்தோடு வீட்டின் முன்வாசலில் கிடந்தாள். மீட்டு மருத்துவமனையில் சேர்த்தும் பிழைக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட முதலாளி 2019இல் விடுவிக்கப்பட்டார். 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தப் பெண்ணின் மரணத்துக்கு இன்றுவரை யாரும் பொறுப்பாகவில்லை. எல்லா வீடும் அப்படி இல்லை என்பது அவளுக்கு எந்த விதத்தில் உதவியது? ஓய்வுநாளும் கடப்பிதழும் கைப்பேசியும் இருந்திருந்தால் ஒரு பெண் வாய்திறந்து சொல்லியிருக்கலாம், வெளியே நடந்திருக்கலாம். எஜமானின் நல்ல மனதை மட்டும் நம்பி ஒருவர் வாழவேண்டிய நிலைதான் அடிமை நிலை. எஜமான் நல்லவராக இருந்தாலும் அதுதான்.

இது வீடுகளோடும் நிற்கவில்லை. 2014இல் வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் 501 தொழிலாளர்களிடம் விசாரித்தபோது, வெளிநாட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகக் கண்டது. காரணம் பெரும்பாலும் கடன்: ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அது தீரும்வரை வாய்திறக்க முடியாத பயம். சஞ்சிக்கூலியின் கணக்குப் புத்தகத்தில் இருந்ததும் அதே கடன்தான். உலக அளவில் 2021இல் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. மதிப்பிட்டது.

"ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டியிருக்கிறோம், ஓடிவிட்டால் யார் பொறுப்பு?" என்ற கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். வயதான தாயைப் பார்க்க ஆள் இல்லாமல், மாதச் சம்பளத்தில் கடன் வாங்கித்தான் பல குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கட்டுகின்றன. அந்த நஷ்டம் பெரிய நஷ்டம். அதை ஏஜெண்டிடம் கேளுங்கள், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேளுங்கள். அந்தப் பணத்துக்கு ஜாமீனாக ஒரு பெண்ணின் உடலைப் பிடித்துவைக்க நமக்கு உரிமை இல்லை. கப்பல் கூலி கட்டிய துரையும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்.

எரேமியா 34ஆம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்தபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் தேவாலயத்தில் உடன்படிக்கை செய்து தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை செய்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டுப் பாபிலோனியர் பின்வாங்கியதும், விடுவித்தவர்களை மறுபடி பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள். எரேமியாவின் கோபம் அந்த அதிகாரத்தில் எரிகிறது. ஆபத்துக் காலத்தில் பக்தி, வசதி திரும்பியதும் பழைய வழக்கம். நோன்பு காலத்தில் ஏழைகளுக்குக் காணிக்கை போட்டுவிட்டு, ஈஸ்டர் முடிந்ததும் மெய்டின் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துக்கொள்ளும் நமக்கும் அந்த அதிகாரத்தில் இடம் இருக்கிறது.

நம்மாலும் முடியும் என்று காட்டியவர் நமக்குப் பக்கத்து ஊரிலேயே பிறந்தார். சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ், ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த இந்தியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் கொடுமைகளை 1995இல் வெளியே சொன்னார். அதற்காக அவர்மீது வழக்கு. 2003இல் தண்டிக்கப்பட்டார். 2008இல்தான் விடுதலையானார். 2014இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்ற வசனத்தைப் பதின்மூன்று வருட வழக்காகச் சுமந்தவர் அவர்.

நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. நான் உங்களிடம் கேட்பவை இவை. இன்று இரவே அலமாரியில் உள்ள கடப்பிதழை உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் கையில் கொடுங்கள். பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டியையும் கொடுங்கள். சம்பளத்தை மாதாமாதம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். வாரத்தில் ஒரு முழுநாளை அவளுக்கு விடுங்கள். கோவிலுக்கு வர விரும்பினால் வரட்டும், நம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்க அல்ல, தனக்காக ஜெபிக்க. ஃபுளோரஸிலும் தீமோரிலும் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நம்முடைய அதே பலிபூசையில் வளர்ந்தவர்கள் பலர். எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த நாள் அவர்களுடையது. கைப்பேசி அவளிடமே இருக்கட்டும். டுரியான் காலத்தில் தோட்டத்துக்கு வெளிநாட்டு ஆட்களை வைப்பவர்கள், பொழுது சாயுமுன் கூலி என்ற கட்டளையை அப்படியே நிறைவேற்றுங்கள்.

சபைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: நம் சபையைச் சேர்ந்த எந்தக் குடும்பமும் எந்தத் தொழிலாளியின் கடப்பிதழையும் வைத்திருக்காது, அடியோ பட்டினியோ தாங்காமல் தப்பிவரும் எவரும் நம் கோவில் கதவைத் தட்டலாம், நாம் முதலில் முதலாளியை அழைக்கமாட்டோம், உதவும் அமைப்புகளை அழைப்போம். அந்தத் தீர்மானத்தை நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தோனேசிய மொழியிலும் ஒட்டுங்கள். வாசிக்கவேண்டியவர்கள் வாசிக்கட்டும்.

இதைச் செய்தபின், வேதபாட வகுப்பில் அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் நாம் எதையும் மறைக்கவேண்டியதில்லை. வேதத்தில் இரண்டு குரல்கள் உண்டு என்று சொல்லலாம். நம் முன்னோர் விலைப்பட்டதையும் சொல்லலாம். இரண்டில் எந்தக் குரலுக்கு நம் வீடு கீழ்ப்படிகிறது என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
பாலிக் புலாவிலிருந்து உங்கள் சகோதரி